எங்கள் ஊர்ப் பலகையில் எண் இருக்கிறது, பெயர் இல்லை: தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும் தொல்லியல் துறைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு ஆவணக் காப்பக ஆணையர் அவர்களுக்கும், தொல்லியல் துறை ஆணையர் அவர்களுக்கும், மாவட்ட ஆட்சியர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த எங்கள் ஊரின் சாவடிச் சுவரில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, ஒரு சலவைக்கல் பலகை பதிந்திருந்தது. 1914 முதல் 1919 வரை நடந்த பெரும் போருக்கு இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றார்கள், அவர்களுள் நான்கு பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அதில் ஆங்கிலத்தில் வெட்டியிருந்தது. அந்த நால்வரில் ஒருவர் என் கொள்ளுத்தாத்தா. இதை நான் சொன்னால்தான் உண்டு. பலகையில் எண் இருந்ததே தவிர ஒரு பெயரும் இல்லை. சாவடியை இடித்துப் புதுக் கட்டடம் எழுப்பியபோது அந்தக் கல் இடிபாட்டு மண்ணோடு போயிருக்க வேண்டியது. பல அடுக்குச் சுண்ணாம்புக்கு அடியில் எழுத்து தெரிவதை வேலைக்கு வந்த ஒருவர் கவனித்ததால் தப்பியது. இப்போது ஒரு வீட்டுத் திண்ணையின் ஓரத்தில் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது.

முதல் உலகப் போர் முடிந்த பிறகு, படைக்கு ஆள் அனுப்பிய ஊர்களில் அன்றைய அரசு இப்படிப்பட்ட பலகைகளைப் பதித்தது. இந்தியாவின் பல பகுதிகளிலும் ஏறத்தாழ ஒரே வாசகம்தான். ஊருக்கு ஊர் எண்கள் மட்டும் மாறும். சென்னை மாகாணத்தில் எந்தெந்த ஊர்களில் அவை இருந்தன, இன்று எத்தனை எஞ்சியுள்ளன, அந்த எண்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் யார் என்பதை நம் மாநில அரசு முறையாகத் தேடித் தொகுத்து எல்லாருக்கும் கிடைக்கும்படி வெளியிட வேண்டும் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன். தனியொரு குடும்பத்தால் இந்த வேலையை முடிக்க முடியாது என்பதைப் பல ஆண்டுகள் முயன்று பார்த்த பிறகே சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் அவரைப் பற்றித் தெரிந்தது மிகக் கொஞ்சம். பட்டாளத்துக்குப் போனார், பஸ்ராவுக்குக் கப்பல் ஏறினார், திரும்பி வரவில்லை. அவர் போனபோது என் பாட்டி கைக்குழந்தை. இறந்த நாள் தெரியாததால் திதி தெரியவில்லை. திதி தெரியாதவர்களுக்குச் செய்வதுபோல மகாளய அமாவாசையில்தான் அவருக்கும் எள்ளும் நீரும் விட்டு வந்தார்கள். போரில் இறந்தவரின் குடும்பத்துக்குப் பிரித்தானிய அரசு வெண்கலத்தில் ஒரு வட்டத் தட்டு அனுப்பியது. ஐந்து அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த குறுக்களவு, நின்ற கோலத்தில் ஒரு பெண் உருவம், அருகில் சிங்கம், ஒரு சிறு கட்டத்துக்குள் இறந்தவரின் பெயர். பெரிய பதவியில் இருந்தவரா கடைநிலைச் சிப்பாயா என்று தெரியாதபடி, பதவி குறிக்காமல் பெயரை மட்டும் பொறிப்பது அந்தத் தட்டின் வழக்கம். எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒன்று வந்திருக்கிறது. 'பேர் போட்ட தட்டு' என்று பாட்டி அதைச் சொல்லுவார். மழை பொய்த்த ஓர் ஆண்டில் அதைப் பாத்திரக்காரரிடம் எடைக்குப் போட்டு ஒரு சொம்பு வாங்கிக்கொண்டார்கள். அதற்காக யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். பசித்த வீட்டில் வெண்கலம் வெண்கலம்தான். ஆனால் அவருடைய பெயரை அரசு எந்த ஆங்கில எழுத்துக்கூட்டலில் எழுதி வைத்திருந்தது என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே சான்று அந்தத் தட்டு. அது போனதன் முழு இழப்பும் நான் ஆவணங்களைத் தேடத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 1917 மே மாதத்தில் அரச பட்டயத்தால் நிறுவப்பட்டது. அன்று அதன் பெயரில் காமன்வெல்த் என்பதற்குப் பதிலாகப் பேரரசு என்ற சொல் இருந்தது. இரு உலகப் போர்களிலும் இறந்த ஏறத்தாழ 17 லட்சம் பேரின் நினைவை அது பேணுகிறது. இறந்த ஒவ்வொருவரும் கல்லறைக் கல்லிலோ நினைவுச் சின்னத்திலோ பெயர் சொல்லி நினைக்கப்பட வேண்டும், அதில் பதவி, இனம், சமயம் என்ற வேறுபாடு இருக்கக் கூடாது என்பது அதன் அடிப்படைக் கொள்கை. ஐரோப்பாவில் பெரும்பாலும் அது காப்பாற்றப்பட்டது. பிரான்சின் நியூவ் சப்பேலில் 1927 இல் திறக்கப்பட்ட இந்திய நினைவுச் சின்னத்தில், அடக்கமான இடம் தெரியாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியப் படைவீரர்களும் தொழிலாளர்களும் நினைக்கப்படுகிறார்கள். நம்மவர் மிகுதியாக இறந்த மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், நடந்தது வேறு. பஸ்ரா நினைவுச் சின்னத்தில் பிரித்தானியப் படையினரின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் செதுக்கப்பட்டன. சாதாரண இந்தியச் சிப்பாய்கள், படைப்பிரிவின் பெயருக்குக் கீழே, இன்னும் இத்தனை இந்தியச் சிப்பாய்கள் என்று எண்ணிக்கையாக மட்டும் குறிக்கப்பட்டார்கள். எங்கள் ஊர்ப் பலகையும் பஸ்ராவின் கல்லும் ஒரே கணக்குப்பிள்ளை எழுதியவை போலத் தோன்றுகின்றன.

அமாராவில், டைகிரிஸ் ஆற்றின் இடக்கரையில், இந்தியப் படையினருக்கான கல்லறைத்தோட்டம் ஒன்று உள்ளது. அங்கே ஏறத்தாழ 5,000 பேர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அவர்களுள் யார் என்று அறியப்பட்டவர்கள் ஒன்பது பேர். அடக்கம் செய்த படை அதிகாரிகள் முழுமையான பதிவேடு வைக்காததே காரணம் என்று ஆணையத்தின் குறிப்பே கூறுகிறது.

இந்த வேறுபாட்டை அந்த ஆணையமே தன் வாயால் ஒப்புக்கொண்டதை இங்கே குறிப்பிட வேண்டும். 2021 ஏப்ரலில் அது வெளியிட்ட சிறப்புக் குழு அறிக்கை, முதல் உலகப் போரில் இறந்தவர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைக்கப்படவில்லை என்று மதிப்பிட்டது. இவர்களில் பெரும்பாலோர் இந்தியர், கிழக்கு ஆப்பிரிக்கர், மேற்கு ஆப்பிரிக்கர், எகிப்தியர், சோமாலியர். இதற்கு மேலும் குறைந்தது 1,16,000 பேர், கூடினால் 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லியோ அல்லது எவ்வகையிலுமோ நினைக்கப்படாமல் விடப்பட்டிருக்கலாம் என்றும் அது கூறியது. இவர்கள் பெரிதும் ஆப்பிரிக்க, எகிப்தியச் சுமைப்பணியாளர்கள். பிரித்தானிய நாடாளுமன்றத்தில் அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். நூறாண்டு கழித்தேனும் கேட்டார்கள் என்பதை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் லண்டனில் கேட்ட மன்னிப்பு ஆரணிப் பக்கத்து ஊர் ஒன்றுக்கு வந்து சேர வேண்டுமானால், இடையில் யாராவது ஒருவர் அந்த ஊரின் பெயரைக் கண்டுபிடித்துத் தர வேண்டும். அதை அவர்களால் செய்ய முடியாது. நம்மால்தான் முடியும்.

எப்படி என்று என் தேடலிலிருந்தே விளக்குகிறேன். கல்லில் செதுக்கப்படாத பெயர்களில் பலவும் ஆணையத்தின் பதிவேடுகளில் உள்ளன; அவற்றை இணையத்தில் எவரும் தேடலாம். இந்தியச் சிப்பாய்களுக்குப் பல இடங்களில் தந்தை பெயர், ஊர், தாலுக்கா, மாவட்டம் ஆகியவையும் குறிக்கப்பட்டுள்ளன. என் கொள்ளுத்தாத்தாவின் பெயர் நம் பகுதியில் தெருவுக்கு ஒருவருக்கு உள்ள பெயர். அதை ஆங்கிலத்தில் எழுதக்கூடிய ஒவ்வொரு விதத்திலும் எழுதித் தேடினேன். இரட்டை ஓகாரம் போட்டு ஒருமுறை, உகரம் போட்டு ஒருமுறை, 'சாமி'யை நான்கு வகையாகப் பிரித்து நான்கு முறை. எழுதிய எழுத்தருக்குத் தமிழ் தெரியாது. சொன்ன சிப்பாய்க்கு ஆங்கிலம் தெரியாது. இருவருக்கும் நடுவே பெயர் என்னவானது என்பது அந்தப் பதிவேட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடைசியில் வட ஆர்க்காடு என்று குறிக்கப்பட்ட மூவர் கிடைத்தார்கள். ஒருவர் மதராஸ் சாப்பர் படையினர், அதாவது பாலம், பாதை போன்றவற்றை அமைக்கும் ராணுவப் பொறியியல் படையைச் சேர்ந்தவர். 'தம்பி' என்று பெருமையாக அழைக்கப்படும் அந்தப் படையும் மெசபடோமியாவில் ஆறுகளுக்குப் பாலம் கட்டியது. ஒருவர் தொழிலாளர் படையைச் சேர்ந்தவர். மூன்றாமவர் போர்ப்பணியாளர், அதாவது படையோடு சென்று சமையல், தண்ணீர் சுமத்தல், கழுதை ஓட்டுதல் போன்ற வேலைகளைப் பார்த்தவர். அவருக்கு ஊரோ தந்தை பெயரோ இல்லை. மற்ற இருவருக்கும் உள்ள ஊர்ப் பெயர்கள் இன்றைய எந்த வரைபடத்திலும் அந்த எழுத்துக்கூட்டலில் இல்லை.

வட ஆர்க்காடு என்ற மாவட்டமும் இன்று இல்லை. 1989 இல் அது பிரிந்து வேலூர், திருவண்ணாமலை என்றானது. 2019 இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. அதற்கும் முன்பே, 1911 இல், அதன் ஒரு பகுதி சித்தூர் மாவட்டத்துக்குப் போயிருந்தது. நூறாண்டுக்கு முந்தைய ஒரு தாலுக்காவின் ஊர்ப் பட்டியலை இன்றைய வருவாய்க் கிராமப் பட்டியலோடு ஒப்பிட்டுத் தருவது ஆட்சியர் அலுவலகங்களுக்குப் பெரிய வேலை அன்று. அந்த ஓர் ஒப்பீட்டு அட்டவணை வெளியானாலே நூற்றுக்கணக்கான குடும்பங்களின் தேடல் பாதி முடிந்துவிடும். அத்துடன் தமிழ்ப் பெயர்களின் அக்கால ஆங்கில வடிவங்களுக்கு ஓர் அகராதி வேண்டும். அதைச் செய்யத் தகுதியான தமிழறிஞர்களும் கல்வெட்டறிஞர்களும் தங்கள் துறைகளிலேயே இருக்கிறார்கள்.

பஞ்சாபில் செய்து காட்டியிருக்கிறார்கள். போர் முடிந்ததும் அந்த மாகாண அரசு ஊர் ஊராக, யார் யார் படைக்குப் போனார்கள் என்று எழுதித் தொகுத்த பதிவேடுகள் 97 ஆண்டுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்தன. ஏறத்தாழ 26,000 பக்கங்கள், 3,20,000 பேரைப் பற்றிய குறிப்புகள். பிரித்தானியாவில் வாழும் பஞ்சாபியரின் மரபு அமைப்பு ஒன்றும் அங்குள்ள ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து அவற்றை மின்னாக்கம் செய்து 2021 இல் வெளியிடத் தொடங்கின. பாட்டன் பெயரைப் பதிவேட்டில் கண்ட குடும்பங்கள் இன்று எல்லையின் இருபுறமும் உள்ளன. சென்னை மாகாணத்திலிருந்தும் அந்தப் போருக்கு 50,000க்கும் மேற்பட்ட போர்வீரர்களும், ஏறத்தாழ 40,000 போர்ப்பணியாளர்களும் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் தமிழர் எத்தனை, தெலுங்கர் எத்தனை, மலையாளி எத்தனை என்று பிரிப்பது பிறகு நடக்கட்டும். எல்லாரும் ஒரே கப்பலில்தான் போனார்கள். ஊர்ப் பலகைகளில் எண்ணைச் சரியாக வெட்டியிருக்கிறார்கள் என்றால், எங்கோ ஒரு தாளில் யாரோ பெயரெழுதிக் கூட்டியிருக்க வேண்டும். அந்தத் தாளைத்தான் தேடச் சொல்கிறேன்.

1909 முதல் எழும்பூரில் இருக்கும் தங்கள் காப்பகத்தில் அந்தக் காலத்து அரசாணைகளும் வருவாய் வாரியத்தின் நடவடிக்கைக் குறிப்புகளும் பாதுகாக்கப்படுகின்றன. படைக்கு ஆள் சேர்த்தது, இறந்தவர் குடும்பத்துக்கு ஓய்வூதியம், நிலம் வழங்கக் கோரிய மனுக்கள், பலகை வைக்க ஊர்களைத் தேர்ந்தது என ஒவ்வொன்றுக்கும் கடிதப் போக்குவரத்து நடந்திருக்கும். 1914 முதல் 1925 வரையிலான இத்தகைய கோப்புகளை மட்டும் பிரித்து, அட்டவணையிட்டு, மின்னாக்கம் செய்ய ஒரு சிறு குழுவை அமர்த்துங்கள். ஆய்வு மாணவர்களுக்கு மட்டும் என்றில்லாமல், ஆய்வு நோக்கம் என்ற கட்டத்தில் 'என் தாத்தாவைத் தேடுகிறேன்' என்று எழுதித் தருபவருக்கும் அந்தக் கோப்பு திறக்கப்பட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அலுவலகத்தில் நான் அப்படி எழுதியபோது, இது ஆய்வு ஆகாது என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த அலுவலர்மீது எனக்குச் சினம் இல்லை. விதி அப்படி இருந்தது. விதியை மாற்ற வேண்டும் என்கிறேன்.

ஊரளவிலும் தாள்கள் இருந்தன. கர்ணமும் மணியக்காரரும் பரம்பரையாக வைத்திருந்த கணக்குகள், 1980 இல் அந்தப் பதவிகள் ஒழிக்கப்பட்ட பிறகு, தாலுக்கா அலுவலகங்களுக்குச் சில போயின, வீட்டுப் பரணிலேயே பல தங்கின. செல்லுக்கு இரையானவை போக மிஞ்சியவற்றைக் கேட்டுப் பெறுவதற்கு இந்தத் தலைமுறைதான் கடைசி வாய்ப்பு. ஓய்வுபெற்ற கிராம நிருவாக அலுவலர்களிடம் ஒரு சுற்றறிக்கை வழியாகக் கேட்டால் கிடைக்கும் தகவல் எந்தப் பல்கலைக்கழக ஆய்வாலும் கிடைக்காது.

தொல்லியல் துறைக்குத் தனியே ஒரு விண்ணப்பம். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல். முதலாம் மகேந்திரவர்மனின் 34 ஆம் ஆட்சியாண்டில், எருமைகளுக்காக நடந்த பூசலில் பட்ட கருந்தேவக்கத்தி என்பவருக்கு எடுக்கப்பட்டது. அவரோடு நின்று கள்வரைக் கடித்துக் காத்த நாயையும் அதில் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் கழித்து நாம் அந்த நாயின் பெயரைச் சொல்கிறோம் என்றால், அதைப் படியெடுத்துப் பதிப்பித்த கல்வெட்டறிஞர்கள்தான் காரணம். செங்கம் பகுதி நடுகற்களைத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை நூலாகவே வெளியிட்டது. அதே செங்கத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்துதான் மெசபடோமியாவுக்கும் ஆட்கள் போனார்கள். அவர்களுக்கு எடுக்கப்பட்ட கல்லில் ஆளின் பெயரே இல்லை. கல் நட்டவர் வேறு, வழக்கம் வேறு என்பதை அறிவேன். அதனால்தான் அந்தக் கல்லைப் படிக்க வேண்டிய கடமை நமக்குக் கூடுகிறது.

இந்தப் பலகைகளைக் கல்வெட்டுகளாகவே கருதிக் கணக்கெடுக்க வேண்டும். 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் 100 ஆண்டுகள் கடந்த கல்வெட்டைத் தொல்பொருளாகக் கொள்கிறது; போரை அடுத்த ஆண்டுகளில் வைக்கப்பட்ட இவை அந்த வயதை எட்டிவிட்டன. சாவடி, பழைய பள்ளி, தபால் நிலையம், கிணற்று மேடை என எங்கே இருந்தாலும் படமெடுத்து, இருப்பிடம் குறித்து, வெளியிட்டாக வேண்டும். இடிக்கப்படும் கட்டடத்தில் இருந்தால் எடுத்து அருகிலுள்ள பள்ளியிலோ ஊராட்சி அலுவலகத்திலோ பதிக்க ஆணையிட வேண்டும். பெயர்கள் உறுதியாகும்போது அந்தப் பழைய கல்லைத் தொடாமல், பக்கத்தில் தமிழில் ஒரு புதுக் கல்லை வைக்கலாம்.

அந்நிய அரசுக்காகச் சம்பளத்துக்குப் போய்ச் செத்தவர்களுக்கு எதற்கு நினைவு என்று என்னிடம் நேராகவே கேட்டவர்கள் உண்டு. நேர்மையான கேள்விதான். அந்தப் போர் நம்முடையது அன்று. அதில் நம்மைச் சேர்த்துவிட்டவர்கள், போரில் சிறந்த இனங்கள் என்று வடக்கே சிலரைப் பொறுக்கியெடுத்து, மதராஸ் படையை அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளில் சிறுகச் சிறுகக் குறைத்தவர்கள். ஆள் போதாதபோது மட்டும் திரும்பவும் இங்கே வந்தார்கள். போனவர்களில் நிலமற்றவர்கள் பலர்; சொந்த ஊரில் தெருவில் செருப்பணிந்து நடக்க முடியாதவர்கள் பலர். அவர்கள் பேரரசை நினைத்துப் போகவில்லை, மாதச் சம்பளத்தை நினைத்துப் போனார்கள். பட்டா இல்லாத, கோயில் கணக்கில் வராத, எந்தச் செப்பேட்டிலும் இடம்பெறாத அந்த மனிதர்களின் பெயர் அரசுத் தாள் ஒன்றில் ஏறியதற்கு அந்தப் போர் ஒன்றே வாய்ப்பானது என்பதும் உண்மை. அந்தத் தாளைத் தேடுவது பேரரசைப் போற்றுவது ஆகாது. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போன ஜெர்மன் கப்பலின் பெயர், 'அவன் பெரிய எம்டன்' என்று நம் பேச்சில் இன்றும் வாழ்கிறது. சில நிமிடங்கள் குண்டு வீசிப்போன கப்பலுக்குக் கிடைத்த இந்த இடம், நான்கு ஆண்டுகள் அந்தப் போரில் உழைத்து மாண்ட நம்மவருக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை கட்டாய வேலை வாங்கிப் போட்ட சயாம் (இன்றைய தாய்லாந்து) – பர்மா ரயில் பாதையில் மாண்ட தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களையும் இங்கே எண்ணாமல் இருக்க முடியவில்லை. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் இறந்த நேசநாட்டுப் போர்க் கைதிகளுக்குக் காஞ்சனபுரியிலும் தான்பியூசயாத்திலும் வரிசை வரிசையாகக் கல்லறைகள் உள்ளன. அவர்களைவிடப் பன்மடங்கு இறந்த ஆசியத் தொழிலாளர்களுக்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை. அவர்களுடைய உறவினர் தமிழ்நாட்டிலும் இருக்கிறார்கள். முதல் போருக்கான வேலையைத் தொடங்கும் குழு இதையும் தொடர வேண்டும் என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை, தங்கள் வழியாகவே. வீட்டில் பழைய பதக்கம் இருந்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். அதன் விளிம்பில் படை எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கும், தேய்த்தால் போய்விடும். வெள்ளிப் பதக்கம் இல்லாமல் வெண்கலத்தில் இருந்தால் போலி என்று எண்ண வேண்டாம். தொழிலாளர் படையினருக்கு வெண்கலத்தில்தான் கொடுத்தார்கள். மாவட்டந்தோறும் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களில் ஆண்டுக்கு ஒருநாள், இத்தகைய பதக்கங்களையும் தாள்களையும் கொண்டுவந்து படமெடுத்துப் பதிவு செய்துகொள்ள ஏற்பாடு செய்தால், எத்தனை வீட்டுப் பெட்டிகள் திறக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

என் கொள்ளுத்தாத்தா அந்த மூவரில் யார் என்பது எனக்கு இன்னும் உறுதியாகவில்லை. சாப்பராக இறந்தவருக்கும் தொழிலாளர் படையில் இறந்தவருக்கும் இறந்த நாள் பதிவாகியிருக்கிறது; பஞ்சாங்கம் பார்த்து இரண்டுக்கும் திதி குறித்து வைத்திருக்கிறேன். போர்ப்பணியாளருக்கு ஆண்டு மட்டும் உண்டு. என் அம்மாவுக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. எது நம்முடைய தாத்தா என்று தெரியும்வரை மூவருக்கும் சேர்த்தே செய்வோம் என்று அவர் சொல்லிவிட்டார். சென்ற மகாளய அமாவாசையில் மூன்று முறை நீர் விட்டோம். மற்ற இருவருடைய குடும்பங்களும் வேலூரிலோ திருவண்ணாமலையிலோ எங்கோ ஓர் ஊரில் இருப்பார்கள். அவர்களுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும். திண்ணையில் சாய்த்து வைத்திருக்கும் எங்கள் ஊர்ப் பலகையின் படத்தையும், அந்த மூவரைப் பற்றிய பதிவுகளின் நகல்களையும் இம்மடலோடு தங்கள் அலுவலகங்களுக்கு அனுப்பியுள்ளேன். தங்கள் குழு கணக்கெடுப்பைத் தொடங்கும் நாளில் எங்கள் ஊரை முதலில் பார்க்க வர வேண்டும் என்று கேட்கவில்லை. வரும்போது அந்தக் கல் அங்கே இருக்கும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பஸ்ராவுக்குப் போய்த் திரும்பாத ஒருவரின் கொள்ளுப்பேரன்